மூளைய முண்ணாண் பாய்பொருளும் நரம்பு நோய்த் துணிபும்

உடலின் ஏனைய உறுப்புக்கள் தமக்குற்ற நோயை ஒருவாறு தாமே புலப்படுத்துவன. இதயத்தின் ஒலியைச் செவியாற் கேட்கலாம். வீங்கிய ஈரலை விரலால் தொட்டறியலாம். சிறுநீரகத்தின் நிலையைச் சிறுநீரே கூறிவிடும். மூளையும் முண்ணாணும் அத்தகையன அல்ல. மண்டையோடும் முள்ளந்தண்டும் அவற்றைச் சூழ்ந்து அரண்போல் அமைந்துள்ளன. அவ்வரண் அவற்றைக் காப்பது உண்மையே. எனினும் உள்ளே நிகழ்வதை வைத்தியன் கண்ணுக்கு மறைப்பதும் அவ்வரணே. கதிர்ப்படக் கருவிகள் பெருகியுள்ள இக்காலத்தும் அவை காட்டுவது பெரும்பாலும் உருவ வேறுபாட்டையே. மூளையைச் சூழ்ந்த உறைகளில் அழற்சி உண்டாயின், அதனை விளைத்தது எவ்வகை நுண்ணுயிர் என்பதைப் படம் கூறாது. அதனைக் கூறவல்லது ஒன்று உண்டு. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து நிற்கும் தெளிந்த நீரே அது. அதனை மூளைய முண்ணாண் பாய்பொருள் என்பர்.

இப்பாய்பொருள் எங்கே பிறந்து எவ்வழியே செல்கின்றது, அது பெறப்படும் முறை யாது, நோயைப் பற்றி அது தரும் சான்றை எங்ஙனம் உணர்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சி வைத்திய மாணவர்க்கு மட்டும் உரியதன்று. முதுகில் ஊசி ஏற்றி இந்நீரை எடுத்தற்கு நோயாளியின் பெற்றோரோ உறவினரோ உடன்பட வேண்டியிருக்கின்றது. அச்சத்தால் அவர்கள் மறுத்து நிற்கும் சில மணி நேரத்திலேயே நோய் முற்றிவிடுதல் கூடும். ஆதலின் இது கற்றார் யாவரும் அறிந்திருத்தற்குரிய பொருளாம்.

பாய்பொருள் அறியப்பட்ட வரலாறு

மனித உடலைப் பன்னூறு ஆண்டுகளாக அறுத்து ஆராய்ந்த அறிஞர், இந்நீரின் இயல்பை நெடுங்காலம் தெளிவாக அறிந்திலர். அதற்குக் காரணம் அவர்கள் கையாண்ட முறையே. மூளையை ஆராய விரும்பியோர் முதலில் தலையை உடலினின்றும் வெட்டிப் பிரித்தனர். வெட்டியவுடனே நீர் முழுவதும் வடிந்தொழிந்தது. பின்னர்த் திறந்து பார்த்தபோது வெற்றிடமே தோன்றிற்று. இத்தாலியிலே நாப்போலி நகரில் வாழ்ந்த டொமெனிக்கோ கொட்டூனியோ என்னும் அறிஞர் இக்குறையை உணர்ந்து, தலையைப் பிரியாது ஆராய்ந்து, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து நீர் உளதென்பதை 1764ஆம் ஆண்டில் வெளியிட்டார். தேடும் முறையே தேடும் பொருளை அழித்துவிடல் கூடும் என்பதற்கு இது தக்க சான்று. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சிய உடற்றொழிலியலறிஞர் பிரான்சுவா மசந்தி, உயிருள்ள விலங்குகளில் இதனை ஆராய்ந்து, இது இறந்தபின் தோன்றும் கசிவன்று, உயிருடம்பின் இயல்பான பொருளேயாம் என்பதை நிலைநாட்டினார். மூளையின் நான்காம் அறையிலிருந்து நீர் வெளிப்படும் நடுத் துவாரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பிறப்பும் செலவும் பயனும்

மூளையினுள்ளே ஒன்றோடொன்று தொடர்புடைய நான்கு அறைகள் உள. அவ்வறைகளிலே மயிர்த்துளைக் குழாய்கள் செறிந்த பின்னல்கள் அமைந்திருக்கின்றன. இப்பாய்பொருளின் பெரும்பகுதியைச் சுரப்பவை அப்பின்னல்களே. பக்க அறைகள் இரண்டிலும் பிறந்த நீர் மூன்றாம் அறையை அடைந்து, ஒடுங்கிய கால்வாயொன்றின் வழியே நான்காம் அறைக்குச் சென்று, அங்குள்ள துவாரங்களால் வெளிப்பட்டு, மூளையையும் முண்ணாணையும் போர்த்துள்ள உறைகளின் இடைவெளியிற் பரவுகின்றது. அவ்வுறைகள் மூன்று. புறத்தே அமைந்தது வன்மையுடையது. இடையில் உள்ளது சிலந்திவலை போன்றது. அகத்தே மூளையோடு ஒட்டியிருப்பது மிக மெல்லியது. இடையுறைக்கும் அகவுறைக்கும் நடுவேதான் நீர் நிற்கின்றது. இறுதியில் அது மண்டையோட்டினுள் உள்ள பெருநாளங்களிலும், ஒரு பகுதி நிணநீர்க் குழாய்களிலும் சென்று குருதியோடு கலக்கின்றது.

வளர்ந்த ஒருவரிடத்து எந்நேரமும் உள்ள பாய்பொருளின் அளவு ஏறக்குறைய 150 மில்லிலீற்றர். ஆனால் நாளொன்றிற் சுரக்கப்படுவதோ ஏறக்குறைய 500 மில்லிலீற்றர். எனவே ஒரு நாளிலேயே இந்நீர் மூன்று முறைக்கு மேற் புதிதாகின்றது. இது தேங்கிய குட்டையன்று. ஓயாது ஊறி ஓயாது வடியும் ஊற்று என்றே கொள்ளல் வேண்டும். செல்லும் வழி எங்கேனும் அடைபடின், சுரத்தல் நில்லாமையால் அறைகள் விரிந்து மூளை நெருக்குண்ணும். குழந்தைகளிடத்துத் தலை பெருத்துத் தோன்றும் நோய் இங்ஙனமே உண்டாகின்றது.

இதன் முதற் பயன் மூளையைத் தாங்குதல். நீரில் அமிழ்ந்த பொருள் தான் விலக்கிய நீரின் எடையளவுக்குத் தன் எடையை இழந்தது போலத் தோன்றும் என்பது ஆக்கிமிடீசின் தத்துவம். வளியில் 1400 கிராம் அளவு எடையுள்ள மூளை, இப்பாய்பொருளில் மிதக்கும்போது ஏறக்குறைய 50 கிராம் எடையுள்ளதாகவே அமைகின்றது. அங்ஙனம் மிதவாதிருப்பின், மென்மையான அவ்வுறுப்புத் தன் பாரத்தாலேயே தன் அடிப்பகுதியை நசுக்கிவிடும். அதிர்ச்சியைத் தணித்தலும், மூளையின் கழிவுப் பொருள்கள் சிலவற்றை அகற்றுதலும் ஏனைய பயன்களாம். மூளையைத் தழுவி ஓடுவதாலேயே அங்கு நிகழும் மாற்றங்களின் அடையாளங்களை இந்நீர் தன்னகத்தே ஏற்றுக்கொள்கின்றது.

நீரை எடுக்கும் முறை

1891ஆம் ஆண்டிலே சேர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் ஹைன்றிக் குவிங்கே, நாரிப்பகுதியில் முள்ளென்புகளினிடையே நுண்ணிய ஊசியொன்றைச் செலுத்தி இப்பாய்பொருளை எடுக்கும் முறையை வெளியிட்டார். தலையில் நீர் மிகுந்து துன்புற்ற நோயாளரின் அழுக்கத்தைத் தணித்தலே அவர் முதல் நோக்கம். எனினும் எடுத்த நீரை வீணே கழித்துவிடாது, அதன் அழுக்கம், புரதம், வெல்லம் முதலியவற்றையும் அவர் அளந்தறிந்தார். சிகிச்சையாகத் தொடங்கிய ஒன்று நோய் துணிதற்குரிய வழியாக மாறியது இவ்வாறே.

நாரியில் ஊசி ஏற்றினால் கால்கள் வழங்காது போய்விடும் என்னும் அச்சம் பல நாடுகளிலும் மக்களிடையே காணப்படுகின்றது. இவ்வச்சத்துக்கு விடை உடலமைப்பிலேயே உளது. கருவின் தொடக்க நிலையில் முண்ணாண் முள்ளந்தண்டுக் கால்வாய் முழுவதையும் நிரப்பி நிற்கும். பின்னர் என்புகள் விரைந்து வளர, முண்ணாண் அவ்விரைவில் வளராமையால் அதன் நுனி மேலே தங்கிவிடுகின்றது. வளர்ந்தோரிடத்து அது முதலாம் அல்லது இரண்டாம் நாரி முள்ளென்பின் மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி செலுத்தப்படுவதோ மூன்றாம் நான்காம் முள்ளென்புகளுக்கிடையே, அன்றி நான்காம் ஐந்தாம் முள்ளென்புகளுக்கிடையே. அங்கு முண்ணாண் இல்லை. குதிரைவால் போலத் தொங்கும் நரம்பு வேர்களே நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. நீரில் மிதக்கும் நூலை ஊசியாற் குத்த முயன்றால் அது விலகிச் செல்லுதல் போல, அவ்வேர்களும் பெரும்பாலும் விலகிக் கொடுக்கும். பிறந்த குழந்தையின் முண்ணாண் சற்றுக் கீழே முடிவதனால், குழந்தைகளுக்கு இன்னும் கீழான இடைவெளியையே வைத்தியர் தெரிந்துகொள்வர்.

மூளை நீரை எடுத்துவிட்டால் மூளை வற்றிவிடாதோ எனச் சிலர் ஐயுறுவர். வளர்ந்தோரிடமிருந்து பெரும்பாலும் எடுக்கப்படுவது 10 மில்லிலீற்றர் அளவே. மணிக்கு 20 மில்லிலீற்றருக்கு மேற் சுரப்பதால், எடுத்தது அரைமணி நேரத்தில் ஈடுசெய்யப்பட்டுவிடும் என்பது மாணவர் எளிதிற் கணித்தறியக்கூடியதே.

இனி, இம்முறையிலே துன்பமே இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. ஊசி சென்ற துவாரத்தின் வழியே நீர் மெல்லக் கசிவதால், எழுந்து நிற்கும்போது மிகுந்தும் படுக்கும்போது தணிந்தும் தோன்றும் தலைவலி சிலருக்கு உண்டாகும். 1898இல் முண்ணாணைச் சூழ்ந்த இடைவெளியில் உணர்ச்சி நீக்கும் மருந்தேற்றும் முறையைத் தம்மீதே சோதிக்கச் செய்த ஓகஸ்ட் பீர் என்பாரும் இத்தலைவலியாற் பல நாள் வருந்தினார். இக்காலத்துப் பயன்படும், நுனி மழுங்கிய நுண்ணூசிகளால் இத்துன்பம் வெகுவாகக் குறைந்துள்ளது. இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மூளையிற் கட்டியோ சீழ்த்திரளோ இருந்து உள்ளழுக்கம் மிகுந்திருக்கும்போது கீழே நீரை எடுப்பின், மேலுள்ள மூளைப்பகுதி கீழ்நோக்கி இறங்கி உயிர்நிலையை நெருக்குதல் கூடும். ஆதலின் வைத்தியர் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தும், நரம்பியக்கங்களைச் சோதித்தும், ஐயம் உளதாயின் கணினிக் கதிர்ப்படம் எடுத்தும் நிச்சயித்த பின்னரே ஊசியை எடுப்பர். குருதி உறையாத குறையுடையோர்க்கும், ஊசி ஏற்றுமிடத்திற் புண்ணுடையோர்க்கும் இதனைத் தவிர்ப்பர். அஞ்சத்தக்கது எது, அஞ்சவேண்டாதது எது எனப் பகுத்தறிதலே அறிவுடைமை.

நோயாளி முன்னரே நோய் முற்றிய நிலையில் வந்து, ஊசி ஏற்றிய மறுநாள் இறந்துபடின், ஊசியே உயிரைக் கொண்டதென ஊரார் சொல்லுவர். காகம் இருக்கப் பனம்பழம் வீழ்ந்த கதையே இது. முன்னே நிகழ்ந்ததெல்லாம் பின்னே நிகழ்ந்ததற்குக் காரணமாகாது.

பாய்பொருள் கூறும் சான்று

ஊசி உட்சென்றவுடன் முதலில் அளக்கப்படுவது அழுக்கம். பக்கவாட்டிற் படுத்திருக்கும் ஒருவரிடத்து அது பொதுவாக 60 முதல் 200 மில்லிமீற்றர் நீர்நிரலுக்குச் சமமாக இருக்கும். அடுத்து நோக்கப்படுவது நிறம். நலமுள்ளோரின் பாய்பொருள் பளிங்கு நீர் போன்று தெளிந்திருக்கும். அதன்பின் நுணுக்குக்காட்டியாற் குழியங்கள் எண்ணப்படும். கன மில்லிமீற்றர் ஒன்றில் ஐந்து வெண்குழியங்களுக்கு மேல் வளர்ந்தோரிடத்து இருத்தலாகாது. செங்குழியங்கள் இயல்பில் இல்லை. புரதம் 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 15 முதல் 45 மில்லிகிராம் வரையிலேயே இருக்கும். குருதி நீர்ப்பாயத்திலோ அது 6000 மில்லிகிராமுக்கு மேற்பட்டது. குருதிக்கும் மூளைக்குமிடையே உள்ள தடுப்பு எத்துணை வலியது என்பதற்கு இவ்வேறுபாடே கரி. குளுக்கோசு குருதியில் உள்ளதன் மூன்றிலிரு பங்களவாக இருக்கும். ஆதலினாற் பாய்பொருளின் குளுக்கோசை மட்டும் தனியே அளந்து முடிவு கூறுதல் தவறாகும். அதே வேளையில் எடுத்த குருதியின் அளவோடு அதனை ஒப்பிடல் வேண்டும். நீரிழிவுடையார் ஒருவரின் பாய்பொருளில் வழக்கமான அளவு வெல்லம் காணப்படினும், அவர் குருதியோடு ஒப்பிடுங்கால் அது மிகக் குறைவாயிருத்தல் கூடும்.

இவ்வளவைகளின் பயனை மூளையுறை அழற்சியிலே தெளிவாகக் காணலாம். காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் என்னும் குறிகள் இந்நோயின் பலவகைகளுக்கும் பொதுவானவை. ஆனால் வகைக்கேற்ப மருந்து வேறுபடும். சாதாரண பற்றீரியாக்களால் விளைந்ததாயின் பாய்பொருள் கலங்கித் தோன்றும். வெண்குழியங்கள் பெரும்பாலும் ஆயிரத்தைக் கடந்து நிற்கும். அவற்றுட் பெரும்பான்மையன சீழிற் காணப்படும் பல்லுருக் கருவுடையன. புரதம் மிகும், குளுக்கோசு வீழும். வைரசுகளால் விளைந்ததாயின் நீர் தெளிந்தே இருக்கும். குழியங்கள் பத்துக்களாகவோ நூறுகளாகவோ மிகினும் பெரும்பாலும் நிணநீர்க் குழியங்களே. குளுக்கோசு பெரும்பாலும் குறையாது. காசநோயால் விளைந்ததாயின் நிணநீர்க் குழியங்களே மிகுந்திருக்க, குளுக்கோசு குறைந்தும் புரதம் மிக உயர்ந்தும் காணப்படும். குழியங்களை மட்டும் நோக்கினாற் காசத்தை வைரசு நோயென மயங்கலாம்; குளுக்கோசை மட்டும் நோக்கினாற் பற்றீரியா நோயென மயங்கலாம். இரண்டையும் ஒருங்கு நோக்கியவிடத்தே உண்மை புலனாகின்றது.

இவற்றின் மேல், நுண்ணுயிரையே நேரிற் கண்டறிதலும் உண்டு. மூளையுறை அழற்சியை விளைக்கும் இரட்டைக் கோளவுருப் பற்றீரியத்தை அன்ரன் வைக்சல்பௌம் வியன்னா நகரில் 1887ஆம் ஆண்டிலேயே பிரித்தறிந்தார். கிராம் என்பார் 1884இல் வெளியிட்ட சாயமூட்டும் முறை இன்றும் சில நிமிடங்களில் விடை தருகின்றது. நுண்ணுயிரை வளர்த்துப் பார்த்தலால், எம்மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரியவரும். காசக் கிருமி வளர வாரக்கணக்காகும் ஆதலின், அதன் பரம்பரையலகைப் பெருக்கிக் காணும் புதிய முறைகள் சில மணி நேரத்தில் விடையளிப்பது பெரும் பேறாகும். ஆயினும் பாய்பொருளிற் காசக் கிருமிகள் மிகச் சிலவே இருத்தலின், அவை தென்படாமையால் மட்டும் காசம் இல்லையெனத் துணிதல் கூடாது.

காலத்தின் அருமையை ஈண்டு வற்புறுத்தல் வேண்டும். பற்றீரியாவால் வரும் மூளையுறை அழற்சியில், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆறு நோயாளருள் ஒருவர் இறக்கின்றனர். ஐவருள் ஒருவர் செவிட்டுத்தன்மை முதலிய கடுங்குறைகளுக்கு ஆளாகின்றனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நாளத்தில் ஏற்றப்பட்டுச் சில மணி நேரத்திலேயே பாய்பொருளிலுள்ள பற்றீரியாக்கள் வளர்ப்பில் தோன்றாது அழிந்துவிடுதல் உண்டு; சிலவகை இரண்டு மணி நேரத்திலேயே மறைந்துவிடும். எனவே மருந்துக்கு முன்னரே நீரை எடுத்தல் சிறந்தது. அவ்வாறு எடுக்க இயலாது தாமதம் நேருமாயின், குருதியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு மருந்தை உடனே தொடங்குவர். சான்றுக்காக உயிரைக் காத்திருக்க வைத்தல் முறையன்று. இவ்விரு கடமைகளையும் ஒருங்கே நிறைவேற்ற வைத்தியர் விரையும் அவ்வேளையிலேதான் உறவினரின் தயக்கம் பெருந்தடையாகின்றது.

குருதியும் பிறபொருளெதிரியும்

மூளையின் மேற்பரப்பிலுள்ள நாடியொன்று திடீரென வெடித்தால், வாழ்நாளில் அறியாத கடுந்தலைவலி ஒரு கணத்தில் தோன்றும். கணினிக் கதிர்ப்படம் பெரும்பாலும் அக்குருதியைக் காட்டிவிடும். காட்டாதவிடத்துப் பாய்பொருளையே நாடுவர். ஆனால் நீரிற் குருதி காணப்பட்டால், அது மூளையிலிருந்து வந்ததோ, ஊசி ஏதேனும் சிறுநாளத்தைக் கிழித்ததால் வந்ததோ என்னும் வினா எழும். இதற்கு விடை தருவது காலம். உடலினுள்ளே சிந்திய செங்குழியங்கள் சிதைந்து, அவற்றின் ஈமோகுளோபின் மஞ்சள் நிறமுள்ள பிலிறூபினாக மாற ஏறக்குறைய 12 மணி நேரம் செல்லும். ஆகவே அவ்வளவு நேரம் கழித்து எடுத்த நீரைச் சுழற்றித் தெளியவைத்தால், முன்னரே சிந்திய குருதியாயின் மேல்நீர் மஞ்சளாயிருக்கும். ஊசியால் வந்ததாயின் நிறமற்றிருக்கும்.

1916ஆம் ஆண்டில், முதலாம் உலகப் போரின் நடுவே, பிரான்சிய வைத்தியர் கீயன், பாரே, ஸ்றோல் என்னும் மூவர் கைகால் தளர்ந்த போர்வீரர் இருவரை ஆராய்ந்தனர். அவர்களது பாய்பொருளிற் புரதம் மிகுந்திருந்தது, குழியங்களோ மிகவில்லை. நுண்ணுயிர் புகுந்திருப்பின் குழியங்களும் மிகவேண்டும். இம்முரண்பாடே அந்நோயைப் பிறவற்றினின்றும் வேறுபடுத்தும் அடையாளமாயிற்று. ஆயினும் முதல் வாரத்திற் புரதம் உயராதிருத்தலும் உண்டு.

இலங்கையிலே 1985ஆம் ஆண்டிலிருந்து அநுராதபுரம் முதலிய பகுதிகளில் யப்பானிய மூளையழற்சி பெருந்தொற்றாகப் பரவிற்று. 1988இல் அதற்கெதிரான தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பெற்றது. இந்நோயில் வைரசையே பிடித்துக் காட்டுதல் அரிது. அதனை எதிர்த்து உடல் ஆக்கும் பிறபொருளெதிரியைப் பாய்பொருளிற் காண்டலே நோயை உறுதிசெய்யும் வழியாக உள்ளது. நரம்பு நார்களின் உறை சிதைவுறும் மல்டிப்பிள் ஸ்கிளரோசிசு என்னும் நோயிலும், குருதியிற் காணப்படாத சில பிறபொருளெதிரிப் பட்டைகள் பாய்பொருளில் மட்டும் தோன்றுகின்றன. பகை மூளையின் எல்லைக்குள்ளேயே எழுந்ததென்பதை அவை உணர்த்துவன. முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில் ஒருவகை அமிலோயிட்டுப் புரதம் மூளையிற் படிந்துவிடுதலாற் பாய்பொருளிற் குறைகின்றது; தோ எனப்படும் மற்றொரு புரதம் மிகுகின்றது. இவற்றைக் குருதியிலேயே அளக்கும் முறைகளும் அண்மையில் வளர்ந்து வருகின்றன.

முடிவுரை

காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்தனர் நம் முன்னோர். வைத்தியன் நுணுக்குக்காட்டியிற் காண்பது காண்டல். அதனின்று காணப்படாத மூளையின் நிலையைத் துணிவது கருதல். நோயாளியும் சுற்றத்தாரும் கூறும் நோய் வரலாறு உரை. இம்மூன்றும் ஒத்துச் செல்லும்போதே துணிபு பிழையாதிருக்கும். அழுக்கமோ குழியமோ வெல்லமோ தனித்து நின்று எந்நோயையும் முற்றக் கூறுவதில்லை. ஒன்றை மற்றொன்றோடும், பாய்பொருளைக் குருதியோடும், இன்றைய நிலையை நோய் தொடங்கிய நாளோடும் ஒப்பிட்டு நோக்குபவனுக்கே அவை பொருள் தருவன.

அங்ஙனம் ஒப்பிட்டு நோக்குதற்கு முதலில் நீர் கையில் வருதல் வேண்டும். ஆகவே காய்ச்சலும் கழுத்து விறைப்புமாகப் பிள்ளையொன்று வைத்தியசாலையிற் கிடக்க, நாரியில் ஊசி ஏற்ற வேண்டும் என வைத்தியர் கேட்கும்போது, அவ்வீட்டாருக்கு அயலிலே கற்றவர் ஒருவர் இருந்து, ஊசி செல்லும் இடத்தில் முண்ணாண் இல்லை என்றும், எடுக்கும் நீர் அரைமணியில் மீண்டும் ஊறும் என்றும் எடுத்துரைப்பாராயின், அவர் கற்ற உயிரியல் அன்று ஓர் உயிருக்கு உதவியதாகும்.